ஐந்தாவது வீடு, ஆறுகாட்டித் தெரு

படத்தை இவ்வளவு பெரிதாக்குவார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆள் உயரம் இருக்கிறது. வாசல் சுவரில் பலகையை அடித்து, மேலே மஞ்சள் பட்டுத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். ஐந்து மணிக்குச் சுற்றுலாத்துறை அதிகாரி வந்து கயிற்றை இழுத்தால் துணி விழும், எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் காலையில் ஆட்கள் மாட்டும்போதே நான் பார்த்துவிட்டேன். படத்தில், மாடி ஜன்னலோரம் நாற்காலியில் அப்பா உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். கீழே, 'இன்னாசிமுத்து, கொடித்துறையின் கடைசி ஆறுகாட்டி' என்று எழுதியிருக்கிறது. நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, பேப்பரைப் பார்த்தேன். பெரிதாக்கினதில் தேதி தெரிகிறது. அண்ணன் பாஸ்கல் பிரான்ஸிலிருந்து லீவில் வந்து இந்தப் படத்தை எடுத்தது எண்பத்து மூன்றாம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று. பேப்பரில் இருக்கிற தேதி செப்டம்பர் பன்னிரண்டு. மூன்று மாதப் பழைய பேப்பரை ஒரு மனுஷன் கிறிஸ்துமஸ் அன்று எதற்கு இத்தனை கவனமாகப் படிக்க வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மிருதுளாவும் கேட்கவில்லை. பழைய வீடுகளைப் பதிவு செய்கிறேன் என்று சென்னையிலிருந்து வந்த பெண், கட்டடக்கலை படித்தவள், ஒரு வருஷமாக இந்தத் தெருவின் தூண், நிலை, ஜன்னல் எல்லாவற்றையும் நாடா பிடித்து அளந்தவள். "பியூட்டிஃபுல் போட்டோ ஆன்ட்டி, அறிவாளி மாதிரி இருக்கார்" என்றாள். நான் சிரித்தேன். சிரிக்கப் பழகி ஐம்பது வருஷம் ஆகிறது.

மணி நாலேகால். கூடத்தில் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பட்டுப்புடவை கழுத்தில் அரிக்கிறது. வலது முட்டி காலையிலிருந்தே வலி. வெளியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம், ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங், புதுச் சுண்ணாம்பு வாசனை, அதற்கு அடியில் ஆறு வற்றும்போது வருகிற சேற்று வாசனை. இதற்கெல்லாம் அப்பால் ஒரு விளக்குமாற்றுச் சத்தம். நான் கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் கேட்கிறது. ஈர்க்குமாறு தார்ரோட்டில் இழுபடுகிறது, நிற்கிறது, மறுபடி இழுபடுகிறது. பூங்காவனம் பெருக்குகிறாள். பேரூராட்சியில் ஒப்பந்தத்துக்கு வேலை பார்க்கிறாள், இருபது வருஷமாக இந்தத் தெரு அவள் பங்கு. இருபது வருஷமாக என் வாசலைப் பெருக்குகிறாள், என் குப்பையை வாங்கிக்கொள்கிறாள், ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. பொங்கலுக்குப் புடவை எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை வாசலில் நின்றேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள், வேகமாகக்கூடப் போகவில்லை, எப்போதும் போகிற வேகத்தில் போனாள். அவளுக்கு இப்போது அறுபத்திரண்டு இருக்கும். அன்றைக்குப் பன்னிரண்டு. எனக்குப் பதினெட்டு. கான்வென்ட்டில் படித்த பெண், பொய் சொல்லாது என்றார்கள். இல்லை, அதை இப்போது நினைக்க வேண்டாம். மேடையில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறாள் மிருதுளா, அதை நினைக்க வேண்டும். அப்பாவின் தைரியத்தைப் பற்றிச் சொல்லுங்கள் ஆன்ட்டி, இந்த வீட்டில் வளர்ந்த ஞாபகம் ஏதாவது சொல்லுங்கள், இரண்டு நிமிஷம் போதும் என்றாள்.

என்ன சொல்ல? வீட்டைப் பற்றி வேண்டுமானால் சொல்லலாம். இந்தத் தெருவில் பன்னிரண்டு வீடு இருந்தது, இன்றைக்கு ஐந்து மிச்சம். ஒன்று ரேஷன் கடைக் கிடங்கு, ஒன்றில் கம்ப்யூட்டர் சென்டர், இரண்டில் ஓடு விழுந்து ஆலங்கன்று முளைத்திருக்கிறது, ஐந்தாவது எங்களுடையது. எல்லா வீடும் ஆற்றைப் பார்த்து நிற்கும், ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மாடியில் மட்டும் அகலமான ஒரு ஜன்னல். முகத்துவாரத்தில் மணல்திட்டு இருக்கிறது, அது வருஷத்துக்கு ஒரு பக்கம் நகரும்; வெளியூர்க் கப்பலுக்கு அது தெரியாது, கடலில் நின்றபடி கொடி ஏற்றும். அந்த ஜன்னலில் உட்கார்ந்து கொடியைப் பார்த்ததும் ஆறுகாட்டி படகை எடுத்துக்கொண்டு ஓடுவான், கப்பலில் ஏறிச் சுக்கானைப் பிடித்துத் தட்டாமல் உள்ளே கொண்டுவருவான். ஆற்றைக் காட்டுகிறவன், அதனால் ஆறுகாட்டி. மிருதுளாவின் கையேட்டில் 'அலைகளை வென்ற மாவீரர்கள்' என்று போட்டிருக்கிறது. எந்தப் படகு முதலில் போய்ச் சேருகிறதோ அதற்குத்தான் வேலை என்பதால் மாவீரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஒருத்தன் படகுக் கயிற்றை இன்னொருத்தன் அறுத்து விட்டார்கள் என்பதைப் போடவில்லை. மூன்றாம் வீட்டின் தேக்குத் தூண்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். பர்மாத் தேக்கு ஆன்ட்டி என்றாள். பர்மாதான், பர்மாவிலிருந்து வந்த கப்பலைத் திட்டில் ஏற்றி உடைத்து, கரை ஒதுங்கினதை எடுத்து நிறுத்தின தூண். அந்த வீட்டுக்காரர்கள் பாதை தெரியாமல் ஏற்றினார்களா தெரிந்தே ஏற்றினார்களா என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படி ஒரு தெரு இது. சொல்லாமல் இருப்பதை நான் ஒன்றும் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை.

அப்பா காலத்தில் கப்பல் ஏது. முகத்துவாரம் தூர்ந்துபோய், ஆறுகாட்டி என்கிற பட்டம் மட்டும் மிச்சம். அவர் ஓட்டினது பயணிகள் லாஞ்சு, இந்தக் கரைக்கும் அக்கரைத் தாழைமேட்டுக்கும் ஒரு நாளைக்கு எட்டு நடை. ஆனால் வெள்ளை உடுப்பு, தொப்பி, பித்தளைப் பொத்தான், எல்லாம் தாத்தா போட்டது மாதிரியே. எழுபத்து மூன்றில் அவர் கண்ணில் புகை விழுந்தது. நடுவில் மட்டும் புகை. ஓரத்தில் வெளிச்சம் இருந்தது, அதனால் நடப்பார், படி ஏறுவார், ஆளைக் காலடிச் சத்தத்தில் கண்டுபிடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நேராகப் பார்த்தால்தான் ஒன்றும் இருக்காது. அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தினமும் காலையில் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் பேப்பர் படித்துக் காட்டுவேன், முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம்வரைக்கும்; அவர் அதைக் கேட்டுக்கொண்டு போய்ப் படகுத்துறையில் தானே படித்த மாதிரி பேசுவார். மூன்றாவதாகத் தெரிந்தவன் அஞ்சப்பன். பூங்காவனத்தின் அண்ணன், லாஞ்சில் கயிறு பிடிக்கிற ஆள், இருபத்து நாலு வயது. விடிவதற்குள் அப்பாவைக் கூப்பிட வருவான், கொல்லைப்பக்கம் மாமரத்தடியில் நின்று தனி டம்ளரில் காபி குடிப்பான், தானே கழுவிக் கவிழ்த்து வைப்பான். எங்கள் வீட்டுக்குள் அவன் வந்ததில்லை, அதெல்லாம் சொல்லாமலே நடக்கிற வழக்கம். ஒரு வருஷம் அவன்தான் அப்பாவுக்குக் கண். சுக்கான் அப்பா கையில், அவன் பக்கத்தில் நின்று வாய் அசையாமல் சொல்லிக்கொண்டே வருவான், கொஞ்சம் வலது, அங்கேயே, இப்ப இழுங்க. ஒரு நாள்கூட வெளியில் சொன்னதில்லை. அவனுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். உரிமம் எடுத்துத் தருகிறேன் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். அதை நம்பினான். இருபத்து நாலு வயதில் நம்பாமல் என்ன செய்வான்.

விளக்குமாறு நின்றுவிட்டது. கதவிடுக்கில் பார்க்கிறேன். சுவரோரம் பிளீச்சிங் பவுடரைக் கோடு கோடாகப் போட்டுக்கொண்டு வருகிறாள். எங்கள் சுவருக்கு வந்ததும் மூடியிருக்கிற பலகையை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அதன் கீழேயும் ஒரு கோடு போட்டாள், மற்ற வீட்டுக்குப் போட்டது போலவே நேராக. அவளுக்கு உள்ளே என்ன படம் என்று தெரியுமா? காலையில் ஆட்கள் மாட்டும்போது அவள் இருந்தாளா, இல்லையா? மாத்திரை போட்டேனா என்று ஞாபகம் இல்லை. அன்றைக்கு நடந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கார்த்திகை மாதம், எழுபத்து நாலு, ஆற்றில் வெள்ளம், செந்தண்ணி ஓடுகிறது. தாழைமேட்டுக் கல்யாணக் கோஷ்டி, பெண் அழைத்துக்கொண்டு திரும்புகிறார்கள், அவர்களோடு ஊர்ப் பெரிய மனுஷர்கள் நாலு பேர் அப்பா சுக்கான் பிடிக்கிற கூண்டுக்குள் வந்து நின்றார்கள். அஞ்சப்பன் வழக்கம்போல மெதுவாக வலது என்றிருக்கிறான். ஒருத்தர் காதில் விழுந்துவிட்டது. ஆறுகாட்டிக்கே இவன் ஆறு காட்டுறான் பாரு என்று அவர் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு அப்பா அவனைப் பின்னால் போகச் சொன்னார். அவன் போகவில்லை, மறுபடி வலது என்றான். போடா பின்னால என்று அப்பா கத்தினார். அவன் போனான். அப்புறம் அரைப் பர்லாங்கு தூரம் அப்பா தனியாக ஓட்டினார், பழக்கத்தில், ஞாபகத்தில், பரம்பரைத் திமிரில். திட்டு போன வாரம் இடம் மாறியிருந்தது. லாஞ்சு ஏறிச் சாய்ந்தது, செந்தண்ணி இழுத்துக்கொண்டு போனது. பதினேழு பேர். கல்யாணப் பெண் உட்படப் பதினேழு. நாலு பெரிய மனுஷர்களில் மூன்று பேர் போய்விட்டார்கள், பிழைத்தவருக்கு ஒரு வாரம் நினைவு இல்லை, அப்புறம் நினைவு வந்தும் எதையும் நினைவுபடுத்திக்கொள்ள அவர் விரும்பவில்லை. இது அத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அன்றைக்கு அப்பா ஈர உடுப்போடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "அவன் சொன்னான் ஞானம், ரெண்டு தரம் சொன்னான்" என்றார். ஞானம் என் அம்மா. அம்மா அவர் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

மறுநாளைக்கெல்லாம் கதை வேறாகிவிட்டது. கயிறு பிடிக்கிற பையன், ஆறுகாட்டி கீழே போயிருந்த நேரம் பார்த்து, வேடிக்கைக்குச் சுக்கானைத் தொட்டிருக்கிறான். யார் முதலில் சொன்னது என்று தெரியாது, நாலாவது நாள் அப்பாவே அதைச் சொல்ல ஆரம்பித்தார். அஞ்சப்பன் தரப்பில் ஒரு வக்கீல் வந்தார், இளவயசு, ஆறுகாட்டிக்குக் கண் தெரியாது என்றார். விசாரணைப் பந்தலில் சலசலப்பு. கண்ணைச் சோதிக்கச் சொல்லலாம் என்று பேச்சு வந்தபோது, பரம்பரை ஆறுகாட்டியை அப்படி அவமானப்படுத்துவதா என்று ஊரே எழுந்து நின்றது. அந்தப் பொண்ணைக் கேளுங்க, கான்வென்ட்டில் படிச்ச பொண்ணு, பொய் சொல்லாது. நான் எழுந்தேன். வெள்ளைத் தாவணி போட்டிருந்தேன். விசாரணை அதிகாரி கனிவாகத்தான் கேட்டார், அப்பா பேப்பர் படிப்பாராம்மா என்று. தினமும் காலையில படிப்பாங்க, சார். அவ்வளவுதான். மூன்றே வார்த்தை, சாரைச் சேர்த்தால் நாலு. வாத்தியாரம்மாவாக முப்பத்து நாலு வருஷம் எத்தனையோ வாக்கியம் பிரித்துக் காட்டியிருக்கிறேன், எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். இந்த வாக்கியத்தை மட்டும் பிரித்தால் பிரித்த இடத்தில் நின்றுவிடுவேன். எதிரே மண்ணில் அஞ்சப்பனின் அம்மா உட்கார்ந்திருந்தாள், மடியில் தலை சாய்த்துப் பூங்காவனம். அஞ்சப்பன் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் காதில் தப்பாக விழுந்துவிட்டதோ என்று நினைக்கிறவன் மாதிரி தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தான், இன்னொரு தரம் சொல்லுவேன், இந்தத் தரம் சரியாகச் சொல்லுவேன் என்று காத்திருக்கிற மாதிரி. நான் உட்கார்ந்துவிட்டேன்.

வழக்கு கோர்ட்டுக்குப் போய் அஞ்சப்பனுக்கு மூன்று வருஷம் ஜெயில். அந்த மூன்று வருஷமும், அதற்கப்புறம் எட்டு வருஷமும், அப்பா என்னைப் பேப்பர் படிக்க விடவில்லை. பந்தலிலிருந்து வந்த மறுநாள் காலையில் நான் கொல்லைக் கதவைச் சாத்தப் போனேன், வேண்டாம் என்றார், பேப்பரை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய் ஜன்னலைத் திறந்து வைத்து, தெருவுக்கே தெரிகிற மாதிரி முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். ஒரு மணி நேரம். பக்கம் புரட்டுவார். பதினோரு வருஷம், சாகிறவரைக்கும், ஒரு காலை தப்பாமல். என் பொய்யை அவர் அப்படி மெய்யாக்கிக்கொண்டிருந்தார், அல்லது எனக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தார், எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் காபியை வைத்துவிட்டுப் பேப்பரை வாங்கித் திருப்பிக் கையில் கொடுத்தேன். அவர் பக்கத்தைப் புரட்டினார். எங்கள் இருவருக்கும் நடுவில் அதைப் பற்றி நடந்த பேச்சு அது ஒன்றுதான். எனக்கு அவர் பெயரைச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது, அவர் பெயரைச் சொல்லித்தான் கல்யாணமும் ஆனது. பக்கத்தில் படுத்திருந்த புருஷனிடம்கூட அவர் செத்துப்போகிறவரை நான் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். புதுச் சாமியார், வெளியூர்க்காரர். தகப்பனைக் காப்பாற்றச் சொன்னதுதானே என்றார், பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பத்தையும் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆகவில்லை. அஞ்சப்பன் வெளியே வந்த அன்றைக்குத் தாழைமேட்டு ஆட்கள் அவன் வீட்டுக் கூரையைப் பிய்த்துப் போட்டார்கள். ஒருத்தனும் அவனைப் படகில் ஏற்றவில்லை. ஒரு மாதம் இருந்துவிட்டுக் கொச்சிப் பக்கம் போனான், அங்கே மஞ்சள் காமாலையில் போய்விட்டான் என்று தபால் அட்டை வந்தது. தபால்காரர் அந்த அட்டையைத் தெருவிலேயே படித்துவிட்டு எங்கள் வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார். அப்பா மேலே ஜன்னலிலிருந்து, ஐயோ பாவம் என்றார். பேப்பரைக் கீழே வைக்கவில்லை.

"ஆன்ட்டி, வந்துட்டாங்க" என்று மிருதுளா கதவைத் தட்டுகிறாள். எழுந்தேன், முட்டி பிடித்துக்கொண்டது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். தலையில் தொப்பி, கையில் தண்ணீர்ப் பாட்டில், பாரம்பரிய நடை என்று எழுதின பனியன். கொடித்துறைக்காரர்கள் என்று பார்த்தால் ரேஷன் கடைக்காரரும் கவுன்சிலரும்தான். அதிகாரி நல்ல மாதிரி, என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஒரு செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள், அதில் பாஸ்கல் அண்ணன், எழுபத்து நாலு வயதில் கோட்டுப் போட்டுக்கொண்டு, கண் கலங்கியிருந்தான். அவன் அப்போது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தான், அவனுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் சொல்லவில்லை. கயிற்றை இழுத்தார்கள். துணி விழுந்தது. கைதட்டினார்கள். மிருதுளா தமிழிலும் இங்கிலீஷிலும் மாறி மாறிப் பேசினாள், இதோ இந்த ஜன்னல்தான், இங்கிருந்துதான் ஒவ்வொரு நாளும் ஆற்றைக் கவனித்தார், எத்தனை உயிர்களைக் கரை சேர்த்தார். தலைகள் எல்லாம் மேலே திரும்பின. நான் மட்டும் கீழே பார்த்தேன். தெருக்கோடியில், நாற்காலிகளுக்கு அப்பால், குப்பை வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பூங்காவனம் நின்றாள். நிகழ்ச்சி முடிந்ததும் டீக் கப்பு பொறுக்க அவளை இருக்கச் சொல்லியிருப்பார்கள். படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். அவள் அண்ணன் முகம் எனக்கு மறந்துவிட்டது என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

என்ன பேசுவது என்று நான் முடிவு செய்யவில்லை. அது மட்டும் நிஜம். வாய் திறந்தபோது வணக்கம்தான் வரும் என்று நினைத்தேன். "எங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாது" என்றேன். மைக் கீச்சிட்டது. யாரோ அதைச் சரி செய்தார்கள். மறுபடி சொன்னேன், இந்தப் படத்தில் அவர் படிக்கவில்லை, வெறுமனே பிடித்திருக்கிறார், தேதியைப் பாருங்கள் என்றேன். லாஞ்சு கவிழ்ந்ததைச் சொன்னேன், பதினேழு பேரைச் சொன்னேன், அஞ்சப்பன் இரண்டு தரம் வலது என்று சொன்னதைச் சொன்னேன், பந்தலில் நான் சொன்ன வாக்கியத்தையும் அது பொய் என்பதையும் சொன்னேன். இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்காது. ஐம்பது வருஷமாக அதைச் சொன்னால் வானம் இடியும் என்று நினைத்திருந்தேன். செல்போனில் அண்ணன் முகம் அசையாமல் நின்றது, இணைப்பு போய்விட்டதா அவனே அணைத்துவிட்டானா தெரியவில்லை. அதிகாரி தரையைப் பார்த்தார். கவுன்சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவள் பக்கத்தில் இருந்தவர் தமிழ் தெரியாதவர், என்ன சொன்னார்கள் என்று அவளிடம் கேட்டார், அவள் காதோடு சொன்னாள், அவர் ஓ என்று தலையாட்டினார். பிறகு, எங்கிருந்து ஆரம்பித்தது என்று தெரியாது, கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டினார்கள். தைரியமான பெண்மணி என்று அதிகாரி எழுந்து சொன்னார். டீயும் சமோசாவும் வந்தன. மிருதுளா என் தோளைப் பிடித்துக்கொண்டு, அவளும் அழுதிருந்தாள், பாவம், நல்ல பெண், "ஆன்ட்டி, இதை நீங்க இன்னொரு தரம் சொன்னா ரெக்கார்ட் பண்ணிக்கலாமா? பலகைல ஸ்கேன் பண்ணா உங்க குரல்லயே கேக்கற மாதிரி. இந்த வீட்டுக்கு இதுதான் கதையே" என்றாள். என் பாவம்கூட இந்த வீட்டுக்கு ஒரு தூண் ஆகிவிட்டது.

அவளை விலக்கிவிட்டு நடந்தேன். நாற்காலிகள் தாண்டி, பேனர் தாண்டி, தெருக்கோடிவரைக்கும். பூங்காவனம் குனிந்து காகிதக் கப்புகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றும் நிமிரவில்லை. கேட்டியா பூங்காவனம் என்றேன். கேட்டேன் டீச்சரம்மா என்றாள், குனிந்தபடியே. முதல் முறையாக அவள் குரலை அவ்வளவு பக்கத்தில் கேட்கிறேன், கட்டைக் குரல். மன்னிச்சுரு என்று சொல்ல வாயெடுத்தேன். அது வரவில்லை, அந்த வார்த்தைக்கு இந்தத் தெருவில் புழக்கம் இல்லை. அவள் சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டினாள், வண்டியில் தூக்கிப் போட்டாள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"அண்ணன் போறப்ப அம்மாகிட்ட சொல்லிட்டுப் போச்சு, அந்தப் பொண்ணு ஒரு நாளைக்கு வாயத் தொறக்கும், அதுவரைக்கும் ஊர விட்டுப் போயிராதீங்கன்னு. அம்மா அத நம்பிக்கிட்டே கெடந்து செத்துச்சு. நான் நம்பல. ஆனா போவல."

நான் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னிக்குச் சொல்லிட்டீங்க. யாருகிட்டச் சொன்னீங்க?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. "இங்க உக்காந்திருக்கறவங்கள்ல செத்தவங்க ஆளு ஒருத்தர் உண்டா? ஊர் சுத்திப் பாக்க வந்தவங்க. நாளைக்கு வேற ஊருக்குப் போயிருவாங்க. கூரையப் பிச்சவங்க எல்லாம் அக்கரையிலதான இருக்காங்க. அவங்கல்ல கேக்கணும்."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. மைக்கைப் பிடித்தபோது வந்ததெல்லாம் பயமே இல்லை என்று தெரிந்தது. தாழைமேட்டில் நான் காலே வைத்ததில்லை. பாலம் வந்த பிறகும் வைத்ததில்லை, பஸ்ஸில் அந்த ஊர் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். முட்டி வலிக்கிறது என்று சொல்லலாம், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லலாம், நாளைக்கு என்று சொல்லிவிட்டால் அப்புறம் ஒருபோதும் இல்லை. எனக்கு என்னைத் தெரியும். போலாமா இப்பவே என்றேன். அவள் என் பட்டுப்புடவையைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், வண்டியைச் சுவரோரம் தள்ளி நிறுத்தினாள். பின்னால் மிருதுளா கூப்பிட்டாள், குரூப் போட்டோ எடுக்க வேண்டுமாம். நாங்கள் திரும்பவில்லை.

பாலம் நீளம். நடைபாதை குறுகல், அவள் முன்னால் போனாள், நான் பின்னால். லாரி போகிறபோதெல்லாம் பாலம் நடுங்கியது. கீழே ஆறு முழங்கால் அளவு, கொக்கு நிற்கிறது. செத்தவர்கள் வீடு எத்தனை என்று கேட்டேன். பதினோரு வீடு, ரெண்டு வீட்டுல ஆளு இல்ல, ஒன்பது என்றாள். எந்த வீட்டில் யார் என்று அவளுக்கு வரிசையாகத் தெரிந்திருந்தது. கல்யாண மாப்பிள்ளையின் தம்பி இருக்கிறானாம், அவனுக்கும் பேரன் பேத்தி ஆகிவிட்டதாம். அடிப்பாங்களா என்று கேட்டேன், குழந்தை மாதிரி. தெரியாது என்றாள். எங்கள அடிச்சாங்க என்றாள். அதைச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை, ஆறுதலும் இல்லை, விலாசம் சொல்கிற மாதிரி சொன்னாள். என் மனசு அந்தப் பாலத்தின் நடுவில்கூடத் தப்பிக்க வழி தேடியது. இத்தனை வயசுக்கு மேல் அவர்களுக்கு எதற்கு இந்த வேதனை, ஆறின புண்ணை எதற்குக் கீற வேண்டும், அவர்களுடைய நிம்மதிக்காகவாவது. எவ்வளவு நல்ல எண்ணங்கள். இந்த மாதிரி நல்ல எண்ணங்களை வைத்துக்கொண்டுதான் ஐம்பது வருஷத்தையும் ஓட்டினேன். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நான் நின்றிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. நிற்கவில்லை, அதுவும் தைரியத்தால் இல்லை, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே கால் போனது.

முதல் வீடு பாலம் இறங்கினதும் இடது பக்கம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் வலை காய்கிறது, உள்ளே டிவி ஓடுகிற சத்தம். பூங்காவனம் படலைத் தட்டினாள். டிவி சத்தம் குறைந்தது. வெளிச்சம் இன்னும் இருந்தது, உள்ளிருந்து வந்த கிழவருக்கு எங்கள் முகம் தெரிந்திருக்க வேண்டும், ஆனாலும் கையை நெற்றியில் வைத்துக் கூர்ந்து பார்த்துவிட்டு, யாரு என்று கேட்டார்.

"அஞ்சப்பன் தங்கச்சி" என்றாள் பூங்காவனம்.

கிழவரின் கை நெற்றியிலிருந்து இறங்கியது. முகம் இறுகியது. எதற்கு வந்தாய் என்று அவர் கேட்பதற்குள் அவள் ஓரமாக நகர்ந்து, எனக்கு வாசலை விட்டாள்.